நாம் விட்டுவந்த மலைகள் எப்படி உண்டாயின

மலேசியாவின் காராக்கில் நின்று மேற்கே பார்த்தால் திதிவங்சா மலைத்தொடர் தெரியும். எங்கள் குடும்பம் கப்பலேறி வந்தது நாமக்கல் பக்கத்துக் கொல்லிமலை அடிவாரத்திலிருந்து. இந்த இரண்டு மலைகளின் கல்லுக்கும் வயது வித்தியாசம் ஏறக்குறைய 230 கோடி ஆண்டுகள். திதிவங்சாவின் கிரானைட் உறைந்து 20 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. கொல்லிமலைக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டிலும் மேகம் இறங்கும், இரண்டிலும் வாழையும் பலாவும் விளையும். ஆனால் இங்கே நாம் பார்ப்பது ஒரு மலையின் மேல்பாதி. அங்கே இருப்பது வேறொரு மலையின் அடிவேர். திதிவங்சாவுக்கு 20, 25 கிலோமீட்டர் கீழே எப்படிப்பட்ட கல் இருக்கும் என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், அதற்குப் போகவேண்டிய இடம் கொல்லிமலைதான். இதை எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருந்தது.

ரப்பர் தோட்டத்துப் பெரியவர்கள் பேச்சில் 'நம்ம ஊரு மலை' அடிக்கடி வரும். அந்த 'நம்ம ஊரு' ஆளுக்கு ஆள் வேறு. என் அப்பாயிக்குக் கொல்லிமலை. எதிர் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த தெலுங்குக் குடும்பத்துக்கு விசாகப்பட்டினத்துச் சிம்மாசலம். கடை வைத்திருந்த தாத்தாவுக்குத் திண்டுக்கல் சிறுமலை. பால்மரம் சீவிவிட்டு வந்து, பால் பிடிக்கும் மங்கு கழுவி வைத்துவிட்டு, மத்தியானத்தில் உட்கார்ந்து இவர்கள் பேசியதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். பிறகு பிழைப்புக்கு நான் பிடித்த வேலையும் மலையோடுதான். மலையை வெட்டிப் போட்ட நெடுஞ்சாலைகளின் ஓரச் சரிவுகள் சரிந்துவிடாமல் பலப்படுத்தும் வேலை. வேலையில் கல்லைப் பார்க்க ஆரம்பித்தவன், வீட்டில் உட்கார்ந்து நிலவியல் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்த மூன்று பேர் பேசிய மூன்று மலைகளுமே பழைய நிலத்திட்டுகளின் ஓரத்தில், வெவ்வேறு காலங்களில் உண்டானவை என்று.

அந்த நிலத்திட்டுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கண்டங்களின் நடுவில், ஆதி காலத்திலேயே இறுகிப்போய், அதற்குப்பின் பெரிதாக மடங்காமல் நசுங்காமல் கிடக்கும் பகுதிகளைக் கிரேட்டன் என்கிறார்கள். தென்னிந்தியாவுக்கு அது தார்வார் கிரேட்டன். கர்நாடகத்தின் பெரும்பகுதியும் ஆந்திரா, தெலங்கானாவில் கொஞ்சமும் அதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன. அதில் 340 கோடி ஆண்டு வயதான நைஸ் என்ற வரிவரியான பாறைகள் உண்டு. அதற்கு வடகிழக்கே, சத்தீஸ்கர் பக்கம், பஸ்தார் கிரேட்டன்.

கிரேட்டன் ஏன் மடங்குவதில்லை? காரணம் மேலே இல்லை, கீழே இருக்கிறது. பூமி இன்றைவிடச் சூடாக இருந்த காலத்தில் கிரேட்டனின் அடியில், மேலோட்டுக்குக் கீழுள்ள மேன்டில் பாறை நிறைய உருகி, உருகியது மேலே போய்விட்டது. மிச்சமாக நின்றது இரும்புச்சத்து குறைந்த, எடை குறைந்த, நீர் வற்றிய பாறை. அது குளிர்ந்து விறைத்து, 150, 200 கிலோமீட்டர் ஆழம்வரை ஒரே பாளமாக நிற்கிறது. குளிர்ந்த பாறை கனம் கூடிக் கீழே மூழ்கவேண்டும். ஆனால் இரும்பு குறைந்ததால் இது மூழ்குவதில்லை. மூழ்கவும் செய்யாது, வளையவும் செய்யாது. வைரம் இதற்கு ஒரு சாட்சி. வைரம் உண்டாக 150 கிலோமீட்டர் ஆழத்தின் அழுத்தம் வேண்டும், ஆனால் வெப்பம் அதிகமாகிவிடக் கூடாது. கிரேட்டனின் அடியில்தான் இரண்டும் சேர்ந்து அமைகின்றன. ஆந்திராவின் வஜ்ரகரூரில் வைரம் சுமந்து வந்த கிம்பர்லைட் பாறைகள் சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தார்வாரைத் துளைத்து மேலே வந்தவை. கிம்பர்லைட் வைரம் கிரேட்டன் மேல்தான் கிடைக்கும், அதைச் சுற்றியுள்ள மலைப்பட்டைகளில் கிடைக்காது என்று 1966இல் கிளிஃபோர்டு என்பவர் ஆப்பிரிக்காவை வைத்து எடுத்துச் சொன்னார். அது ஒரு விதியாகவே நின்றுவிட்டது.

கோலார் தங்கவயலும் இந்தக் கிரேட்டனுக்குள்தான் இருக்கிறது. அங்கே 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கித் தங்கம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2001இல் மூடும்வரை அது உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. மலாயாவுக்கு ஆள் எடுத்த அதே காலத்தில் அங்கேயும் ஆள் எடுத்தார்கள். நம் வரலாற்றில் அந்தக் குடும்பங்களையும் சேர்த்தே பேசவேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, நடுவில் கல் அசையவில்லை என்றால், கண்டங்கள் மோதும்போது அந்த மோதல் எங்கே போகும்? ஓரத்துக்குத்தான் போகும். ஓரத்தில் இருப்பது மெலிந்த புவிமேலோடு. கடலடியில் படிந்த களிமண், மணல், சுண்ணாம்பு, எரிமலைத் தீவுகளின் லாவா, இவையெல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். கடலடித் தட்டு கண்டத்தின் விளிம்பில் கீழே இறங்கும்போது அதிலுள்ள நீர் மேலே கசிந்து மேன்டிலை உருக்கும். அதனால் எரிமலைகள் கிளம்பும், புதிய கிரானைட்டுகள் ஊடுருவும். கடைசியில் கடல் முழுதும் தீர்ந்து, எதிரிலிருந்த கண்டம் வந்து இடிக்கும். கிரேட்டன் வளையாது. ஆகவே நடுவில் அகப்பட்ட இந்தச் சரக்கு அத்தனையும் மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கிரேட்டனின் விளிம்பின் மேலேயே தள்ளப்படும். 35, 40 கிலோமீட்டர் தடிமனாக இருந்த மேலோடு 60, 70 கிலோமீட்டராகும். மலை உயர்வதை நாம் மேலே பார்க்கிறோம். அதைவிடப் பெரிய பங்கு கீழே வேராக இறங்குகிறது.

அந்த வேருக்குள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தடித்த மேலோட்டில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எல்லாம் அதிகம் சேர்ந்திருக்கும். அவை சிதைந்து வெளிவிடும் வெப்பம் வெளியே போக வழியில்லாமல் தேங்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் அடிப்பகுதி 700, 800, சில இடங்களில் 900 டிகிரியையும் தாண்டும். கல்லில் இருக்கும் நீரெல்லாம் விரட்டப்படும். கொஞ்சம் உருகி மேலே போகும். மிஞ்சுவது காய்ந்த, இறுகிய, கருத்த பாறை. அதுதான் சார்னோகைட்.

இந்தப் பெயரை வைத்தவர் தாமஸ் ஹாலண்ட், 1893இல். கல்கத்தாவின் ஜோப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைப் பலகை இந்தக் கல். அது சென்னைப் பக்கமிருந்து போனது. பல்லாவரம், பரங்கிமலை எல்லாம் இதே கல்தான்.

என் மேசைமேல் ஒரு துண்டு இருக்கிறது. சேந்தமங்கலம் பக்கத்தில் கல் உடைக்கும் வேலை பார்க்கும் உறவுக்காரர் ஒருவர், நான் ஊருக்குப் போயிருந்தபோது எடுத்துக் கொடுத்தது. வெயிலில் கிடந்த பக்கம் சாதாரணப் பழுப்பு. புதிதாக உடைந்த முகம் கரும்பச்சை, அதில் எண்ணெய்ப் பசை தெரியும் ஒரு மினுமினுப்பு. கண்ணாடி வைத்துப் பார்த்தால் குவார்ட்ஸ் வெள்ளையாக இல்லை, நீலம் கலந்து மங்கலாக இருக்கிறது. ஃபெல்ட்ஸ்பார் பாசிப்பச்சை. நடுநடுவே பழுப்பேறிய கறுப்புக் கட்டைகளாக நிற்பது ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம். அது இருந்தால்தான் சார்னோகைட் என்றே சொல்வார்கள். நீர் கலந்த கனிமங்களான அப்பிரகமும் ஹார்ன்பிளெண்டும் வெப்பத்தில் நீரை இழந்து இப்படி ஆகின்றன. ஓரத்தில் கடுகளவு சிவப்புக் கார்னெட் இரண்டு மூன்று. திதிவங்சாவின் கிரானைட்டைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அது வெளுத்தது, பெரிய பெரிய ஃபெல்ட்ஸ்பார் கட்டிகள், மின்னும் அப்பிரகம். அது உருகிய குழம்பு உறைந்தது. இது பெரும்பாலும் உருகாமல் வெந்தது.

கல்லைக் கொடுத்த அந்த உறவுக்காரரிடம் கேட்டேன்: "மாமா, இந்தக் கல்ல எந்தப் பக்கமா பிளப்பீங்க?"

"வரி ஓடுற பக்கமா உளி வெச்சா நேரா விடும் மாப்ள. குறுக்க வெச்சா சில்லு சில்லா போயிரும்."

அவர் சொன்ன வரி, கல் வெந்துகொண்டிருந்தபோது நசுக்கப்பட்டதன் தடயம். நசுக்கிய திசைக்குக் குறுக்காகக் கனிமங்கள் படிந்து வரிசை கட்டும். அந்தப் பக்கத்தில் வரிகள் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகின்றன. கிரேட்டன் இருப்பது வடமேற்கே. தலைமுறை தலைமுறையாகக் கல் உடைப்பவர்கள் கையில் அந்தத் திசை பழகிக் கிடக்கிறது.

ஆழத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கலாம். கார்னெட்டும் ஹைபர்ஸ்தீனும் ஃபெல்ட்ஸ்பாரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளரும்போது, இரும்பு, மக்னீசியம், கால்சியம் இவற்றை எந்த விகிதத்தில் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பதை அழுத்தமும் வெப்பமும் முடிவு செய்கின்றன. அந்த விகிதத்தை அளந்தால் ஆழம் கிடைக்கும். நீலகிரி சார்னோகைட்டுகளில் அது ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீட்டர், வடக்கே மோயாறு பள்ளத்தாக்கை நெருங்க நெருங்க ஆழம் கூடுகிறது. வயதைச் சொல்வது சிர்க்கான் என்ற நுண்ணிய படிகம். அதற்குள் சிக்கிய யுரேனியம்-238, பாதியளவு ஈயமாக மாற 447 கோடி ஆண்டுகள் எடுக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று எண்ணினால் காலம் தெரியும். நீலகிரி, சேலம், கொல்லிமலை வட்டாரத்துச் சிர்க்கான்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் எண் 250 கோடி.

இப்போது ஒரு கணக்கு. மேற்பரப்பில் கிடக்கும் கல் 25 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்தது. அதற்குக் கீழே இன்றும் 40 கிலோமீட்டர் அளவுக்கு மேலோடு இருக்கிறது. இரண்டையும் கூட்டுங்கள்: 65 கிலோமீட்டர். இன்றைய திபெத்தின் தடிமன் அது. இன்றைய ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் மேலே ஒரு காலத்தில் 25 கிலோமீட்டர் பாறை இருந்திருக்கிறது.

அது எங்கே போனது? மழையிலும் ஆற்றிலும் கரைந்து போனது. ஆனால் 25 கிலோமீட்டர் உயர மலை ஒருபோதும் நின்றதில்லை. மேலோட்டின் அடர்த்தி சுமார் 2.7, அதைத் தாங்கும் மேன்டிலின் அடர்த்தி 3.3. சரக்கை இறக்க இறக்கத் தோணி மேலே எழும்புமே, அதேபோல மேலே ஒரு கிலோமீட்டர் தேய்ந்தால் அடியிலிருந்து 800 மீட்டர் எழும்பி வரும். மலையின் உயரம் குறைவது 200 மீட்டர்தான். அப்படியானால் சராசரி உயரம் 5 கிலோமீட்டர் உள்ள ஒரு மலைநாடு தரைமட்டமாக, 25 கிலோமீட்டருக்கு மேல் பாறை தேயவேண்டும். கார்னெட் சொன்ன ஆழமும் இந்தக் கணக்கும் ஒத்துப்போவதை முதல்முறை காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இன்றும் அந்தச் சிலிர்ப்பு குறையவில்லை. யாருக்காவது இந்தப் பாடத்தில் ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால், இதைத்தான் சொல்வேன்.

ஆகவே இன்றைய கொல்லிமலையின் 1300 மீட்டர் உயரம், அந்தப் பழைய மலையின் மிச்சம் என்று நினைக்கக் கூடாது. பழைய மலை எப்போதோ தட்டையாகிவிட்டது. பிற்காலத்தில் நிலம் மறுபடி எழும்பியபோது, சுற்றியிருந்த பலம் குறைந்த பாறை சீக்கிரம் அரித்துப்போக, கெட்டியான சார்னோகைட் திட்டுகள் மட்டும் தலைதூக்கி நிற்கின்றன. கல் பழையது, மலையின் உருவம் புதியது.

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், வடக்கே சேர்வராயன், கல்வராயன், தெற்கே கொல்லிமலை, நடுவில் நேர்க்கோடாக ஒரு பள்ளத்தாக்கு. அது ஆறு மட்டும் வெட்டியது அல்ல. மேலோடு ஆழம்வரை அறுந்து பக்கவாட்டில் நகர்ந்த ஒரு பட்டை அது. மோயாறு, பவானி, பாலக்காட்டிலிருந்து காவிரிவரை என இப்படிப் பல பட்டைகள் உண்டு. 1980இல் ட்ரூரி, ஹோல்ட் இருவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை வைத்து இவற்றைக் கோர்வையாக வரைந்து காட்டினார்கள். இந்தக் கோடுகளில் எது பழைய கடல் மூடிய இடம், எது 250 கோடி ஆண்டுக்கு முந்தையது, எது 55 கோடியில் மறுபடி அறுந்தது என்பதில் இன்றும் நிலவியலாளர்களிடையே வாதம் நடக்கிறது. அவ்வளவு பழைய காலத்தில் புவித்தட்டுகள் இன்றுபோலவே நகர்ந்தனவா என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இருக்கும் அனார்த்தோசைட் பாறையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். நிலாவின் மேட்டுநிலக் கல்லை ஒத்திருப்பதால், சந்திரயானுக்காகச் செயற்கை நிலா மண் தயாரிக்க இஸ்ரோ அங்கிருந்தும் குன்னமலையிலிருந்தும் கல் எடுத்தது. அப்பாயி உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லி மகிழ்ந்திருப்பேன்.

கிரேட்டனுக்குள் இருக்கும் நைஸ் எப்படிச் சார்னோகைட் ஆகிறது என்பதைப் பாதியில் நிறுத்திவைத்த மாதிரி ஓர் இடம் கர்நாடகத்தில் இருக்கிறது, கப்பல்துர்கா என்ற கல்குவாரி. வெளிர்ச் சாம்பல் நைஸுக்குள் கரும்பச்சைத் திட்டுகள், வெடிப்புகளை ஒட்டி ஒட்டிப் பரவியிருக்கின்றன. 1960இல் சி.எஸ். பிச்சமுத்து இதைக் கண்டு, சார்னோகைட் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே இங்கே தெரிகிறது என்று எழுதினார். கரியமில வாயு நிறைந்த திரவம் வெடிப்புகள் வழியாக ஏறி நீரை விரட்டியது என்பது பலர் ஏற்கும் விளக்கம். அங்கிருந்து தெற்கே வரவரத் திட்டுகள் பெருகி, கடைசியில் மலை முழுதும் அதுவே ஆகிறது. கிரேட்டனின் ஓரம் என்பது வரைந்த கோடு அல்ல, படிப்படியாக ஆழத்துக்குள் இறங்கும் ஒரு சரிவு என்பதை அந்தப் பகுதியில் நடந்துபோய்ப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது தெலுங்குக் குடும்பத்து மலை. விசாகப்பட்டினத்தைச் சுற்றியுள்ள சிம்மாசலம், கைலாசகிரி எல்லாம் கொண்டலைட் பாறை. செம்மண் நிறத்தில், கார்னெட்டும் சில்லிமனைட்டும் கலந்து இருக்கும். ஒடிசாவின் கோனார்க் கோயில் கட்டியதும் இதே கல்லால்தான். கொண்டலைட் ஒரு காலத்தில் கடலடிக் களிமண். கிரேட்டனின் கிழக்கு ஓரத்தில் படிந்து, பிறகு வெந்தது. இந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைப்பட்டை ஒரே மூச்சில் உண்டானதல்ல. தெற்கே ஓங்கோல் பக்கம் சுமார் 160 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு மோதல். விசாகப்பட்டினம் பக்கம் 100 முதல் 90 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இன்னொன்று, அதில் எதிரே வந்தது கிழக்கு அண்டார்டிகா. அங்கே ரேய்னர் என்ற பகுதியில் இதே வயது, இதே வகைக் கல். அந்த மோதலில் மலைப்பட்டை மேற்கே தள்ளப்பட்டு, பஸ்தார் கிரேட்டனின் விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்தது. வேரில் வெந்த கல் குளிர்ந்த கிரேட்டனுக்கு மேலே கிடக்கிறது. ஒரே ஓரத்தில் திரும்பத் திரும்ப அடி விழுவதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது, பிளவும் அந்தப் பழைய இணைப்பை ஒட்டியே போனது. அந்தப் பிளவில்தான் வங்கக்கடல் உண்டானது. நம் முன்னோர்கள் கடந்து வந்த கடல் அது. கடல்கள் மூடிய இடத்திலேயே மறுபடி திறக்கும் என்பதை அட்லாண்டிக்கை வைத்து டூசோ வில்சன் 1966இல் கேள்வியாக எழுப்பினார்.

சிறுமலைத் தாத்தாவின் மலைக்கு வருவோம். மதுரை, திண்டுக்கல், கொடைக்கானல் வட்டாரம் கடைசியாக வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலம். தென்னிந்தியா, மடகாஸ்கர், இலங்கை, கிழக்கு ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் அப்போது ஒட்டிக்கொண்டன. மதுரைப் பக்கத்துப் பாறைகள் சிலவற்றில் சபிரின் என்ற கனிமம் குவார்ட்ஸோடு சேர்ந்து இருக்கிறது. 900 டிகிரிக்கு மேல் போனதன் அடையாளம் அது. இலங்கை மலையகத்தின் பாறைகளும் இதே மோதலில் வெந்தவை. நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழர்கள் ஏறி இறங்கும் கல்லும், அவர்களில் பலருடைய முன்னோர் விட்டுவந்த மதுரைச் சீமைக் கல்லும் ஒரே சூட்டில் வெந்தவை.

இனி நாம் இப்போது வாழும் இடம். தீபகற்ப மலேசியாவில் கிரேட்டன் கிடையாது. கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் வரும்போது, கோம்பாக் தாண்டி கெந்திங் செம்பா ஏறி புக்கிட் திங்கி இறங்கும்வரை பெரும்பாலும் கிரானைட். பெந்தோங் நெருங்கும்போது கல் மாறுகிறது. ஏடு ஏடாகப் பிரியும் சிஸ்ட், களிமண் பாறை, அதற்கு இடையே செர்ட். இந்தச் செர்ட்டை நான் எங்கே கண்டாலும் வேலையை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார்ப்பேன். விரல் தடிமனான அடுக்குகள், சிவப்பு அல்லது சாம்பல், உடைத்தால் கத்தி முனையாக உடையும். உள்ளே ரேடியோலேரியா என்ற கடல் நுண்ணுயிர்களின் சிலிக்கா கூடுகள். ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. அமிலத்தில் கல்லைக் கரைத்து, நுண்ணோக்கியில் வைத்தால் அவற்றின் வடிவம் தெரியும், வடிவத்தை வைத்து வயதும் தெரியும். இந்தப் பட்டையில் கிடைத்தவை டெவோனியன் காலத்திலிருந்து பெர்மியன் வரைக்கும் போகின்றன. 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் இங்கே ஓர் ஆழ்கடல் இருந்திருக்கிறது. பேலியோ டெத்திஸ் என்பது அதன் பெயர். பெந்தோங்–ரவுப் கோடு அது மூடிய இடம். கடலடித் தட்டின் துண்டுகளான செர்பென்டினைட்டும் இந்தக் கோட்டை ஒட்டி அங்கங்கே சிக்கிக் கிடக்கிறது.

கோட்டுக்கு மேற்கே உள்ள நிலம், அதாவது சிலாங்கூர், பேராக், கெடா பக்கம், வேறெங்கிருந்தோ வந்தது. லங்காவியின் சிங்கா பாறை அடுக்குகளில், மெல்லிய கடலடிச் சேற்றுக்கு நடுவே சம்பந்தமில்லாத கூழாங்கற்கள் கிடக்கின்றன. மிதந்துவந்த பனிப்பாறைகள் உருகி அவற்றைக் கடலில் போட்டன. இந்த நிலம் அப்போது தெற்கே, பனி மூடிய கோண்டுவானாவின் ஓரத்தில், ஆஸ்திரேலியாவையும் இந்தியாவையும் ஒட்டியிருந்த கரையில் இருந்தது. சுமார் 29 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் நீண்ட கீற்றாகப் பிய்ந்து வடக்கே நகர்ந்தது. பேலியோ டெத்திஸ் கடல் கிழக்குப் பக்கத்து நிலத்தின் அடியில் இறங்கித் தீர்ந்தது. டிரையாசிக் காலத்தில் இரண்டும் மோதின. மேலோடு தடித்தது, அடி உருகியது, உருகியது ஏறி வந்து 23 முதல் 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் திதிவங்சாவின் கிரானைட்டாக உறைந்தது. கிந்தா பள்ளத்தாக்கில் வெட்டிய வெள்ளீயம் அந்தக் கிரானைட் கொண்டுவந்தது. ரவுப் தங்கமும் இந்த மோதலின் கோட்டை ஒட்டியதுதான்.

கொல்லிமலையில் நடந்த அதே வகை வேலைதான் இங்கேயும் நடந்தது. இங்கே சில கிலோமீட்டர் மட்டும் தேய்ந்திருக்கிறது, ஆகவே உருகி மேலே வந்து உறைந்த கிரானைட் தெரிகிறது. அங்கே 25 கிலோமீட்டர் தேய்ந்துவிட்டது, ஆகவே அந்த உருகலைக் கொடுத்துவிட்டுக் காய்ந்துபோன அடி தெரிகிறது. திதிவங்சாவின் அடியில் காய்ந்து கிடக்கும் கல்லைப் பார்க்க, இன்னும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழை பெய்யவேண்டும். வங்கக்கடலைத் தாண்டிப் போனால் அதே போன்ற கல்லை இன்றைக்கே கையில் எடுக்கலாம்.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் மண் வழியாகத் தெரிந்தே இருந்தது. தோட்டத்துக் கணக்கரான கிராணி வைத்திருந்த மண் வரைபடத்தில் ரெங்கம், முஞ்சோங் என்று எழுதியிருக்கும். ரெங்கம் மண் கிரானைட் மக்கியது, விரலில் தேய்த்தால் குவார்ட்ஸ் நறநறக்கும். முஞ்சோங், களிமண் பாறை மக்கியது, வழுவழுவென்று ஒட்டும். எங்கே குழி வெட்டினால் மண்வெட்டி சத்தம் போடும் என்று எங்கள் பக்கத்துத் தண்டலுக்கு (மேஸ்திரிக்கு) வரைபடம் இல்லாமலே தெரியும்.

கடைசியாக, என் தொழில்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். சாலைக்காக மலையை வெட்டும்போது வெளிப்படும் பாறை முகம், இந்த ஈரத்தில் சில வருடங்களிலேயே மக்கிச் செடி மூடிவிடும். இல்லாவிட்டால் நாமே சிமெண்ட் அடித்து மூடுகிறோம். பாதுகாப்புக்கு அது தேவைதான். ஆனால் பெந்தோங் சுற்றுவட்டாரத்தில் செர்ட் அடுக்குகள் திடமாக நிற்கும் இடங்களில், பத்தடி அகலமாவது மூடாமல் விட்டு, ஒரு சின்னப் பலகை வைக்கலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை. காராக், மெந்தகாப், ரவுப் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு கையில் இந்தச் செர்ட்டையும் மறு கையில் கொல்லிமலைக் கல்லையும் கொடுக்க நான் தயார். என்னிடம் இருக்கும் துண்டு இரண்டாக உடைக்கிற அளவுக்குப் பெரியது. ஆசிரியர்கள் யாராவது கேட்டால் பாதியைப் பள்ளிக்கே கொடுத்துவிடுகிறேன்.